கனத்த பக்கம்

சுழலாத வரையில் எந்தச் சக்கரமும் யோக்கியமானதுதான். சுழலத் தொடங்கினால்தான் அதன் குணம் தெரியும். அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பக்கத்தில் 10 கிராம் அதிகம் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். காய்கறிக் கடையில்கூட அதற்காகச் சண்டை வராது. ஆனால் நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடும்போது அந்தப் 10 கிராம், சுமார் 10 கிலோ எடையின் பலத்தோடு அச்சை வெளியே இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. பேரிங் தேய்கிறது; நட்டு கழல்கிறது. தரையில் ஓடுகிற எஞ்சின் என்றால் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடக்கலாம். கடலில் அந்த வசதி இல்லை.

1898-இல் தொடங்கி 2020-இல் மூடப்பட்ட ரோடியர் மில்லும் மற்ற ஆலைகளும் புதுச்சேரியில் பல வீடுகளுக்கு இயந்திரப் பழக்கத்தைத் தந்துவிட்டுப் போயின. முதலியார்பேட்டையில் அப்படி ஒரு பெரியவர் எனக்குச் சிநேகம். ஆலை மெக்கானிக்காக இருந்தவர். தறிச் சத்தம் அவருடைய காதில் பாதியை எடுத்துக்கொண்டது. இப்போது படகு எஞ்சின்களின் பிளைவீல்களை வீட்டுத் தாழ்வாரத்தில் சமன் செய்து கொடுக்கிறார்.

அவருடைய சாதனங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். இரண்டு எஃகுப் பட்டைகள், ஒரு ரசமட்டம், மெழுகு, சாக்கட்டி. பட்டைகளை மட்டம் பார்த்து நிறுத்தி, அச்சு செருகிய சக்கரத்தை அவற்றின் மேல் வைத்து விட்டுவிடுவார். அது தானே மெல்ல உருண்டு, முன்னும் பின்னும் ஆடி நிற்கும். கீழே வந்த இடம் கனத்த பக்கம். அங்கே ஒரு சாக்கட்டிக் கோடு. எதிர்ப்பக்கத்தில் மெழுகை ஒட்டி, எப்படி நிறுத்தினாலும் அப்படியே நிற்கும் வரை கூட்டுவார், குறைப்பார். பிறகு மெழுகை நிறுத்துப் பார்த்து, கனத்த பக்கத்தில் அதே தூரத்தில் அந்த எடைக்கு இரும்பைத் துளைபோட்டு எடுப்பார். சக்கரமே தன் குறையைச் சொல்லிவிடுகிறது. மனிதன் அவசரப்படாமல் இருந்தால் போதும்.

ஒருநாள் வம்பாக்கீரப்பாளையத்துப் பையன் ஒருவன் நீளமான கிராங்க் ஷாஃப்ட் ஒன்றைச் சுமந்து வந்தான். “பெரியப்பா, இதையும் பார்த்துக் குடுங்க. விடியக்காலம் கடலுக்குப் போகணும்.”

நீளமான உருப்படியில் ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயும் கனத்திருக்கலாம். பட்டைமேல் இரண்டும் சரிக்குச் சரியாகி, அசையாமல் நிற்கும்; ஓடும்போதோ இரண்டு முனைகளையும் எதிரெதிரே உதறும். சுழற்றிப் பார்க்கும் மிஷினுக்குத்தான் அது தெரியும்.

கூலியாகக் கொடுக்க ரூபாயையும் அவன் கையில் வைத்திருந்தான். பெரியவர் தலையசைத்துவிட்டார்.

“நிக்கும்போது இது சாது, தம்பி. சுத்தினாத்தான் சொரூபம் தெரியும். மிஷின் இருக்கிற பட்டறைக்குக் கொண்டு போ. நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டாம்.”

அன்றைக்கு அவருக்கு வேறு வேலை வரவில்லை.