கீழ்வீட்டுக் குசினி

நோர்வே என்ற பெயரை நான் முதலில் கேட்டது காரைநகரில். என் தாய்மாமன் அங்கே சீநோரில் படகு கட்டும் வேலை செய்தார். 1956இல் நோர்வேக்குப் போன அன்ரனி ராஜேந்திரம், அங்குள்ள நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 1967இல் தொடக்கிய முயற்சி அது. பள்ளி விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போகும் எங்களுக்கு நோர்வே என்றால் படகு, வலை, மாமாவின் சட்டையில் ஒட்டியிருக்கும் பிசின் மணம். அந்த நாட்டுச் சனம் என்ன மொழி பேசும், என்ன சமைக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

1983 ஜூலையில் தமிழருக்கெதிரான வன்முறை நடந்த பிறகு எங்கள் ஊர்களில் பெடியள் குறைந்துகொண்டே போனார்கள். நோர்வேயில் மக்கள் உயர்பள்ளிகள் என்று சில உண்டு. பரீட்சை கிடையாது, ஒரு வருடம் தங்கிப் படிக்கலாம். அங்கே இடம் கிடைத்தால் அப்போது மாணவராக நாட்டுக்குள் போக முடிந்தது. அப்படிப் போனவர்களில் ஒருவர்தான் என்னை மணந்தவர். படிப்பு முடிந்ததும் வட கோடியான ஃபின்மார்க் மாகாணத்தில் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அந்தக் குளிருக்கும் வாடைக்கும் அஞ்சித் தென்பகுதி நோர்வேக்காரரே வரத் தயங்கிய வேலை அது. எங்கள் பெடியள் ஊர் ஊராக அங்கே போய் நிறைந்தார்கள்.

நான் கொக்குவிலில் இருந்தேன். 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வந்தபோது, அம்மாவும் நானும் தங்கைமாரும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு ஓடினோம். எங்களைப் போல் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே இருந்தார்கள். செல் விழும் சத்தத்துக்கு நடுவே கோயில் வீதியில் கல் கூட்டி ஆரோ கஞ்சி காய்ச்சினார்கள். அந்த நாள்களைப் பற்றி அதன்பின் நான் எவரிடமும் பேசவில்லை. பேச எடுத்தால் தொண்டை அடைத்துக்கொண்டது.

அடுத்த வருட நவம்பரில் ஹொன்னிங்ஸ்வோக்கில் கப்பலால் இறங்கினேன். நோர்ட்காப்பு முனை இருக்கிற மாகெரோயா தீவின் துறைமுகம் அது. மரமே இல்லாத தீவு. சூரியன் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. இனி ஜனவரி கடைசியில்தான் வரும் என்றார்கள். நடுப்பகலில் வானத்தின் தென்கரையில் ஒரு நீலம் பரவும், பிறகு அதுவும் அணைந்துவிடும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய மரவீட்டின் மேல்மாடி. அதற்கு முன் இவர் கேட்டுப்போன சில இடங்களில் வெளிநாட்டவருக்கு வீடு இல்லை என்று சொல்லியிருந்தார்கள். கீழே வீட்டுக்காரி தனியாக இருந்தார். அறுபதைக் கடந்தவர், கணவர் மீனவராயிருந்து இறந்துபோனவர். அந்த நாட்டில் வயதில் மூத்தவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது கடைசிவரை வரவில்லை. வீட்டில் நாங்கள் அவரைக் கீழ்வீட்டம்மா என்றே சொன்னோம்.

சில வாரங்களில் எனக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கோட் மீனை, அங்கே டொர்ஸ்க் என்பார்கள், இயந்திரம் கீறித் தோலுரித்து அனுப்பும். கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் கண்ணாடி மேசையில் அந்தச் சதையை விரித்து, மிஞ்சிய முள்ளையும் உள்ளே சுருண்டிருக்கும் புழுவையும் கத்தி முனையால் எடுக்க வேண்டும். எவ்வளவு கிலோ முடிக்கிறோமோ அதற்கேற்பச் சம்பளம். இரண்டு சோடிக் கையுறைக்குள்ளும் விரல் மரத்துப்போகும். இயந்திர இரைச்சலுக்காகக் காதுகளை மூடியிருப்போம். வேலைக்குப் போனால் மொழி தன்னால் வரும் என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த மேசையில் எவரும் எவருடனும் பேச முடியாது. பக்கத்தில் நின்ற நோர்வேப் பெண்ணுடன் தலையாட்டலும் கைச்சாடையுமாகவே ஒரு பனிக்காலம் முழுவதும் போனது. இடைவேளையில் அவர்கள் ஒரு மேசையில் பாண் சாப்பிட்டார்கள், நாங்கள் இன்னொரு மேசையில் சோறு சாப்பிட்டோம்.

மாலையில் மொழி வகுப்பு நடந்தது. நல்ல ஆசிரியை, பாடப்புத்தகத்து நோர்வேஜிய மொழியைத் துப்புரவாகச் சொல்லித்தந்தார். வெளியே வந்தால் ஊர் பேசுவது வேறு. புத்தகத்தில் ‘யை’ என்று இருக்கும் ‘நான்’, ஹொன்னிங்ஸ்வோக் தெருவில் வெறும் ‘ஆ’வுக்கும் ‘ஏ’வுக்கும் இடைப்பட்ட ஓர் ஓசை. ஆம் என்பதை அவர்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்வார்கள். கடைக்காரி முதன்முதலில் அப்படிச் சொன்னபோது அவளுக்கு மூச்சு முட்டுகிறதோ என்று நான் பயந்தே போனேன். பேச்சுவழக்கை எந்த வகுப்பிலும் படிக்க முடியாது என்பது யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசும் எங்களுக்குத் தெரியாததா?

பிப்ரவரியில் ஒருநாள் கீழ்வீட்டம்மா மேலே வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு கோட் மீன், அதன் ஈரல், சினை எல்லாம் தனித்தனியாக. கீழே வா என்று தலையை அசைத்தார். நான் ஒரு கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போனேன். அதை எடுத்துக்கொண்டு போகத் தோன்றியது என் நல்ல காலம்.

அன்று அவர் காட்டியது மொல்யெ. முட்டையிட வரும் கோட் மீன் கரைக்குக் கிட்டே வரும் மாசங்களில் வடக்கில் வீட்டுக்கு வீடு அதுதான். மீனைக் குறுக்கே தடித்த துண்டுகளாக வெட்டுவார். தண்ணீர் கொதித்ததும் கைநிறைய உப்பு, கடல் தண்ணீர்போல் கரிக்க வேண்டும். பிறகு அடுப்பால் இறக்கி, மீனைப் போட்டு மூடிவிடுவார். அதற்குப்பின் கொதிக்கவே கூடாது; சில நிமிடத்தில் சதை முள்ளைவிட்டு இதழ் இதழாகக் கழலும். சினையைத் தாளில் சுற்றி வேறு சட்டியில் நெடுநேரம் அவிப்பார். ஈரலுக்குக் கொஞ்சத் தண்ணீர், வெங்காயம், மிளகு. உருளைக்கிழங்கின்மேல் அந்த ஈரல் எண்ணெயை ஊற்றிச் சாப்பிட வேண்டும். வெயில் இல்லாத நாட்டில் எலும்பைக் காப்பாற்றியது அந்த எண்ணெய்தான். எங்கள் மகள் பிறந்தபோது தாய்சேய் நிலையத்துத் தாதி முதலில் கேட்டது, ஈரலெண்ணெய் கொடுக்கிறாயா என்றுதான். எங்கள் கறுத்த தோலுக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை என்று விளக்கினார்.

அடுப்படியில் மொழி வேறு வழியாக வந்தது. தோலைச் சீவு, வெட்டு, கிளறு, ஊற்று, பொறு: ஏவல் வினைகள் முதலில் வந்தன, ஒவ்வொன்றோடும் ஒரு கையசைவும் சேர்ந்து வந்தது. சொன்னதை உடனே செய்தாக வேண்டும், செய்தது சரியோ பிழையோ சட்டியே காட்டிவிடும். பிறகு அளவுகள். அங்கே மாவையும் பாலையும் டெசிலீட்டரில் அளப்பார்கள். இருபத்தைந்து என்று வகுப்பில் படித்ததைக் கீழ்வீட்டம்மா ஐந்தும் இருபதும் என்றே சொன்னார். 1951இல் எண் சொல்லும் முறை மாறிய பிறகும் அவர் தலைமுறை பழையதை விடவில்லை. நான் இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். எல்லாம் தமிழ் எழுத்தில். உதட்டைக் குவித்துக்கொண்டு ‘இ’ சொல்ல வேண்டிய இடங்களில் ஒரு சின்ன வட்டம் போட்டேன்.

1989 ஏப்ரல் 18ஆம் திகதி, கடலில் கோட் மீன் வற்றிவிட்டது என்று கரையோர மீன்பிடியை அரசாங்கம் நிறுத்தியது. ஊரே இடிந்துபோனது. படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. தொழிற்சாலையில் எங்களை முறைவைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வருமானம் குறைந்தது, நேரம் கூடியது. அந்த நேரத்தை நான் கீழ்வீட்டுக் குசினியில் செலவழித்தேன். உண்மையைச் சொன்னால் என் மொழி நிமிர்ந்தது அந்தக் கெட்ட காலத்தில்தான்.

அங்கேதான் எனக்கு ஏலக்காய் திரும்பக் கிடைத்தது. நோர்வேக்காரர் கோதுமை மாவில் செய்யும் இனிப்புப் பணிஸ், பொல்லெ என்பது, ஏலக்காய் இல்லாமல் ஆகாது. பாலை உடம்புச் சூட்டுக்கு இளஞ்சூடாக்கி, ஈஸ்ட் கரைத்து, பட்டர், சீனி, மா சேர்த்துக் குழைக்கும்போது அவர் ஒரு சின்னப் போத்தலைத் திறந்தார். அந்த மணம் வந்ததும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உப்பு, மிளகு தவிர வேறொன்றும் அறியாத சமையல் என்று எங்கள் ஆட்கள் சொல்லித் திரிந்தார்கள். ஏலக்காய் பணிஸிலும் கிறிஸ்மஸ் பாணிலும் இருந்தது, சாதிக்காய் மீன் கேக்கில் இருந்தது.

ஃபோரிகோல் என்னும் ஆட்டிறைச்சிக் கோவாவை அவர் செய்தபோது இவரும் கீழே வந்திருந்தார். எலும்போடு இறைச்சி, பெரிய துண்டுகளாகக் கோவா, முழு மிளகு, உப்பு, தண்ணீர். அவ்வளவுதான். மெல்லிய தீயில் மணிக்கணக்காகக் கிடக்கும். 1972இல் வானொலி நேயர்கள் இதைத்தான் நாட்டின் உணவாகத் தேர்ந்தெடுத்தார்கள். ‘‘என்னப்பா, ஒரு தூளும் போடேல்லையே?’’ என்று இவர் என் காதுக்குள் கேட்டார். ‘‘பொறுங்கோ, சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ’’ என்றேன். இரண்டாம் தடவை இவர் தானாகவே கோப்பையை நீட்டினார். அந்தச் சாறு செப்டெம்பர் ஆட்டின் மணத்தை அப்படியே வைத்திருக்கும். மலையில் கோடை முழுவதும் மேய்ந்த ஆடு அது. தூள் போட்டால் அது மறைந்துவிடும் என்பதுதான் இன்றும் என் தீர்ப்பு.

ஒக்டோபரில் ஒரு நாள் மீன் கேக் செய்துகொண்டிருந்தோம். அரைத்த ஹூசெ மீனில் முதலில் உப்பை மட்டும் போட்டுப் பசைபோல வரும்வரை பிசைய வேண்டும். அதற்குப் பிறகுதான் கிழங்கு மாவும் குளிர்ந்த பாலும். நான் பிசைய, அவர் யன்னலால் தேவாலயத்தைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார். 1944 ஒக்டோபர் 28ஆம் திகதி ஹிட்லரின் கட்டளை வந்தது. பின்வாங்கிய ஜேர்மன் படை ஃபின்மார்க்கையே கொளுத்தியது; ஏறத்தாழ 50,000 பேரைத் தெற்கே துரத்தியது. அவருக்கு அப்போது பதினேழு வயது. தாயோடும் தம்பியோடும் ஒரு மீன்பிடிப் படகில் ஏற்றப்பட்டார். போர் முடிந்ததும், இன்னும் திரும்பக் கூடாது என்ற அரசாங்கத்தின் சொல்லையும் மீறி ஊருக்கு வந்தார்கள். ஹொன்னிங்ஸ்வோக்கில் மிஞ்சியிருந்தது 1885இல் கட்டிய அந்த ஒரு தேவாலயம் மட்டும். திரும்பி வந்தவர்கள் அதற்குள்ளேயே படுத்தார்கள், சமைத்தார்கள். ‘‘பலிபீடத்துக்குப் பக்கத்தில் என் படுக்கை’’ என்றார்.

நான் பிசைவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச்சு வராது என்று தெரிந்தது. ‘‘நானும் ஒரு கோயிலில் படுத்தேன்’’ என்றேன். ‘‘அதுவும் ஒக்டோபர்.’’ பிறகு நல்லூரைப் பற்றிச் சொன்னேன். இலக்கணம் எங்கெங்கோ உடைந்தது. செல் என்பதற்குச் சொல் தெரியாமல் மேசையில் கையால் அடித்துக் காட்டினேன். கஞ்சி, அழுகிற பிள்ளைகள், அம்மாவின் சேலைத் தலைப்பு, எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இடையிடையே மூச்சை உள்ளே இழுத்து ஆம் என்றார். என் தாய்மொழியில் எவரிடமும் சொல்லாததை முதன்முதலில் நோர்வேஜிய மொழியில் சொல்லியிருக்கிறேன் என்பது மேலே வந்து கை கழுவும்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து அந்த மொழி எனக்கு வேற்று மொழியாகத் தெரியவில்லை.

அவரும் மேலே வந்து சமையல் பழகினார். ஒஸ்லோவிலிருந்து தேங்காய்ப்பால் டின் வருவித்து மீன் சொதி வைத்தேன். கோட் மீன் கொதிக்கும் சொதியில் உடையும். ஆகவே அவர் காட்டியபடியே சட்டியை இறக்கி, சூட்டிலேயே வேகவிட்டேன். பச்சை மிளகாயைக் குறைக்கச் சொல்வார் என்று பார்த்தேன். வாயை ஊதிக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். எங்கள் மகள் முதலில் பேசியது இரண்டு குசினிகளின் பேச்சும் கலந்த ஒரு மொழி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்களும் தெற்கே நகர்ந்தோம். பிள்ளையின் படிப்பு, தமிழ் வகுப்பு, வேலை என்று ஃபின்மார்க்கிலிருந்து குடும்பம் குடும்பமாக ஒஸ்லோவுக்குப் போன காலம் அது. 2021இல் நோர்வே நாடாளுமன்றத்துக்குத் தெரிவான கம்ஷாஜினி குணரட்ணமும் சிறு வயதில் ஹம்மர்ஃபெஸ்டில் வளர்ந்து ஒஸ்லோவுக்கு வந்தவர்தான். தீவையும் தரையையும் இணைக்கும் கடலடிச் சுரங்கப்பாதை 1999இல் திறந்ததும் காரிலேயே போய்க் கீழ்வீட்டம்மாவைப் பார்த்தோம். அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு அவர் காலமானார். ஒஸ்லோவில் நான் வாய் திறந்தால், நீங்கள் வடக்கோ என்று இன்றும் கேட்கிறார்கள். ஆம் என்கிறேன், மூச்சை உள்ளே இழுத்து.

ஃபின்மார்க்கின் வெளிச்ச மேசைகளில் நின்ற அக்காமார், தங்கச்சிமார் பலருக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் பார்த்தது உங்கள் பிள்ளைகளுக்கும் தெரியாது. ஒரு கொப்பியை எடுத்து எழுதுங்கள்: எந்த ஊர், எந்த வருடம், எந்த மீன், பக்கத்து வீட்டில் ஆர் இருந்தார், அவர் என்ன சமைத்துத் தந்தார். உப்பு எவ்வளவு போட்டார் என்பதையும் விடாமல் எழுதுங்கள்.