உழவாரம் எடுத்த கை

பங்குனி 4

திருநாவுக்கரசரின் துன்பம் சூலை நோயோடு தொடங்கியதல்ல. பண்ணுருட்டியை அடுத்த திருவாமூரில் மருணீக்கியாராகப் பிறந்தவர் இளமையிலேயே தந்தை புகழனாரையும் தாய் மாதினியாரையும் இழந்தார். அக்காள் திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். உயிர்விடத் துணிந்த திலகவதியார் தம்பிக்காகவே உயிர் தரித்தார். தம்பியோ செல்வத்தைக் கொண்டு அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தலும் அமைத்தார். கொடையால் மனம் ஆறவில்லை. நிலையாமை உறுத்த, சமண நெறி புகுந்து தருமசேனர் ஆனார்.

பங்குனி 5

வீட்டில் தாயார் படுத்த படுக்கை. பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. புண் வராதிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

பங்குனி 11

உறக்கமில்லை. எதையும் படிக்க முடியவில்லை.

பங்குனி 17

வலி வந்தோர் எல்லாரும் நாவுக்கரசர் ஆவதில்லை. வலி பலரைக் கடுகடுப்பாக்குகிறது, சிலரை ஊமையாக்குகிறது. அவருக்கு மட்டும் அது எப்படி வழியாயிற்று?

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் இதற்கு ஒரு விடை கிடக்கிறது. பாடலிபுத்திரத்தில், அதாவது கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில், சூலை வயிற்றைக் குடைந்தது. மந்திரமும் மருந்தும் பலிக்கவில்லை. அக்காளுக்கு ஆள் அனுப்பினார்; அவர் அங்கே வர மறுத்தார். இரவோடிரவாகத் திருவதிகைக்கு நடந்து வந்து அக்காள் காலில் விழுந்தார். திலகவதியார் திருநீறு கொடுத்தார். விடியுமுன் துடைப்பமும் சாணமும் தோண்டியுமாக வீரட்டானக் கோயிலுக்குப் புறப்பட்டவர், தம்பியையும் உடன் அழைத்துப்போனார். அங்கே பதிகம் பிறந்தது, நோய் தீர்ந்தது.

தம்பி வந்தாலும் வராவிட்டாலும் அந்த வாசல் அன்று பெருக்கி மெழுகப்பட்டிருக்கும். பெற்றோரையும் மணவாளராக வரவிருந்தவரையும் இழந்த ஒரு பெண், யாரும் பார்க்காத வேளையில், ஆண்டுக்கணக்காகச் செய்துவந்த வேலை அது. வலி நாவுக்கரசரைத் துரத்தியது. போய்ச் சேர ஓர் இடத்தை அந்த வேலை வைத்திருந்தது.

பங்குனி 18

நோய் தீர்ந்தபின் மனத்துக்குத் தியானம், நாவுக்குத் தேவாரம், கைக்கு உழவாரம். நீண்ட காம்பில் தட்டையான இரும்பலகு பொருத்திய கருவி அது; பிராகாரத்துப் புல்லைச் செதுக்க உதவுவது. கோயில் சிலைகளில் அது அவர் தோளில் சாய்ந்திருக்கும், கைகள் கூப்பியிருக்கும். முன்பு பொருளைக் கொடுத்தவர் இப்போது உடம்பைக் கொடுத்தார்.

பங்குனி 24

பிறகு அவருக்கு வந்த தண்டனைகள்: நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் இடுதல். தொண்டு தொடங்கியபின் துன்பம் குறைந்ததாகப் புராணம் சொல்லவில்லை.

பங்குனி 27

பகலில் உதவிக்கு வரும் ஆயாம்மா, "பாட்டி, தண்ணி ஊத்தப்போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தாயாரைத் தொடுகிறார். பதில் வராது என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்.

சித்திரை 2

திருவீழிமிழலையில் பஞ்சம். அடியாரை ஊட்ட, அப்பர் எனப்பட்ட நாவுக்கரசருக்கும் ஞானசம்பந்தருக்கும் நாள்தோறும் இறைவன் பொற்காசு அருளினான். சம்பந்தர் காசுக்கு வணிகர்கள் வாசி (மாற்றுக் கழிவு) கேட்டார்கள். அப்பர் காசு உடனே செல்லுபடியாயிற்று. கைத்தொண்டு செய்தவர் பெற்ற காசு என்பதே காரணம். திருப்பூந்துருத்தியில் வயதில் மூத்த அப்பர், சம்பந்தரின் சிவிகையைச் சுமப்போரோடு ஆளாகச் சேர்ந்துகொண்டார். "அப்பர் எங்கே?" என்று கேட்டபோது சிவிகையின் கீழிருந்து குரல் வந்தது. பதறி இறங்கிய சம்பந்தர் வணங்குமுன் அப்பர் வணங்கிவிட்டார்.

சித்திரை 6

இரவில் தாயாரைப் புரட்டும்போதும் இப்போது முதலில் சொல்லிவிட்டே புரட்டப்படுகிறது.

சித்திரை, சதயம்

இன்று அவர் குருபூசை. கடைசி நாள்களில் திருப்புகலூர் முற்றத்தைச் செதுக்கும்போது உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் கிளம்பின. பருக்கைக் கல்லோடு சேர்த்து அள்ளிக் குளத்தில் எறிந்தார். வேலைக்கு நடுவே கிடந்த இடைஞ்சலாகவே அவை அவருக்குத் தோன்றின. 7-ஆம் நூற்றாண்டில் அவர் ஏந்திய கருவியின் பெயரால் இன்றும் உழவாரப்பணிக் குழுக்கள் விடுமுறை நாள்களில் கோயில்களில் புதர் வெட்டுகின்றன, எண்ணெய்ப்பிசுக்குத் தேய்க்கின்றன.

தாயாருக்குப் பேச்சு இன்னும் திரும்பவில்லை. திரும்பும் என்று மருத்துவரும் உறுதி சொல்லவில்லை.