அதிராமல் வந்த ரயில்

மினியாபொலிஸ் நகர மையத்திலிருந்து கிழக்கே கிளம்பும் பச்சைத் தட ரயில், பெரிய கால்பந்து அரங்கைத் தாண்டியதும் விமான நிலையத்துக்குப் போகும் நீலத் தடத்தைவிட்டுப் பிரிகிறது. அடுத்த நிறுத்தம் வெஸ்ட் பேங்க், அதாவது மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேற்குக் கரை. அங்கே பாதிப் பெட்டி காலியாகி, மீண்டும் நிரம்புகிறது. முதுகில் பை, காதில் இசை, கையில் காபி. அதன்பின் ரயில் மிசிசிப்பி ஆற்றின் மேல் ஏறுகிறது.

இந்தப் பல்கலைக்கழகத்தை ஆறு இரண்டாகப் பிரித்துப்போட்டிருக்கிறது. இரண்டையும் கட்டிவைத்திருப்பது வாஷிங்டன் அவென்யூ பாலம். 1965இல் கட்டியது, இரண்டு அடுக்கு. மேலே மாணவர்கள் நடக்கிறார்கள், சைக்கிள் மிதிக்கிறார்கள். கீழே வாகனங்கள், இப்போது ரயிலும். ஜனவரியில் ஆற்றுக்காற்று முகத்தை அறுக்கும் ஊர் என்பதால் மேல் அடுக்கின் நடுவே மூடிய நடைகூடம் ஒன்று ஓடுகிறது. அதன் சுவர்ப் பலகைகளில் மாணவர் சங்கங்கள் தங்கள் விளம்பரங்களைத் தீட்டிவைத்திருக்கின்றன. கிழக்கு முனையில், கசக்கிப்போட்ட எஃகுத் தகடுபோல வெயிலில் மின்னுவது ஃபிராங்க் கெரி வடிவமைத்த வைஸ்மன் அருங்காட்சியகம்.

ரயில் அதைக் கடந்து வளாகத்தின் நட்டநடுவே புகுகிறது. டெல்லி மெட்ரோ 2004 டிசம்பரில் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது தரைக்கு அடியில் வந்து, வளாகத்தின் ஓரத்தில் நின்றுகொண்டது. மினியாபொலிஸில் அது கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. சும்மா வரவில்லை. வழக்குமன்றம் வரை போய்த்தான் வந்தது.

மினியாபொலிஸையும் அதன் இரட்டை நகரமான செயின்ட் பாலையும் சுமார் 18 கி.மீ. தடத்தால் இணைப்பது திட்டம். வளாகத்தின் பிரதான வீதியான வாஷிங்டன் அவென்யூவுக்கு அடியில் சுரங்கம் தோண்டுவதாகத்தான் முதலில் பேச்சு. மத்திய அரசின் மானியம் கிடைக்கவேண்டுமானால் செலவு ஓர் அளவுக்குள் அடங்கவேண்டும். சுரங்கம் அதற்குள் அடங்கவில்லை, 2008இல் கைவிட்டார்கள். ரயில் தரைமேல்தான் என்று முடிவாயிற்று. வளாகத்துக்கு வடக்கே, டிங்கிடவுன் கடைவீதிப் பக்கமாகத் தடத்தைச் சுற்றிவிடுங்கள் என்று பல்கலைக்கழகம் கேட்டுப் பார்த்தது. எடுபடவில்லை. 2009 செப்டம்பரில், திட்டத்தை நடத்திய மெட்ரோபாலிடன் கவுன்சில் மீது வழக்குப் போட்டது.

ரயிலே வேண்டாம் என்று பல்கலைக்கழகம் சொல்லவில்லை. அதன் பயம் வேறு. வீதியின் இருபுறமும் சோதனைக்கூடங்கள். வேதியியல் துறையின் கோல்தாஃப் ஹால் வீதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, மூலக்கூறுகளின் அமைப்பை ஆராயும் என்.எம்.ஆர். கருவிகள். இவற்றுக்குக் காந்தப்புலம் அசையாமல் நிற்கவேண்டும். ரயிலோ 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது. மேல் கம்பி வழியாக வந்து தண்டவாளம் வழியாகத் திரும்பும் அந்த மின்சாரம், ரயில் வேகமெடுக்கும்போதெல்லாம் சுற்றுப்புறக் காந்தப்புலத்தைக் கலைக்கும். இத்தனை டன் இரும்பு நகர்ந்தாலே போதும், கலையும். நுண்ணோக்கிகளுக்கோ தரை அதிர்வே எதிரி. மனிதனின் பாதத்துக்கு எட்டாத நடுக்கம், அணுவைப் பார்க்க உட்கார்ந்திருக்கும் கருவிக்குப் பூகம்பம்.

எதிர்த்தரப்பில் தினமும் பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களுக்கு நுண்ணோக்கியைப் பற்றி என்ன கவலை? பணக்காரப் பல்கலைக்கழகம் ஏழைகளின் ரயிலை மறிக்கிறது என்ற பேச்சும் எழுந்தது. அது முழு நியாயமல்ல. பழுதான அளவீடு பத்திரிகையில் செய்தியாகாது, ஆனால் பல வருட உழைப்பைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

2010இல் சமரசம் வந்தது. அதிர்வும் மின்காந்தக் குறுக்கீடும் எந்த அளவைத் தாண்டக்கூடாது என்று எழுத்தில் வைத்தார்கள். தண்டவாளத்துக்கும் மண்ணுக்கும் இடையே அதிர்வை விழுங்கும் ஏற்பாடுகள் சேர்ந்தன. பாலத்தையும் விட்டுவைக்கவில்லை. 2007 ஆகஸ்ட் 1 அன்று இதே ஆற்றில், சற்று மேலே, ஐ-35டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து 13 பேர் இறந்திருந்தார்கள். ஒரு பாகம் முறிந்தால் சுமையைத் தாங்க இன்னொன்று இல்லாத வகையில்தான் வாஷிங்டன் அவென்யூ பாலமும் கட்டப்பட்டிருந்தது. எனவே ரயில் ஏறுவதற்கு முன் அதற்குப் புதிய எஃகுத் தாங்கல்கள் கொடுத்துப் பலப்படுத்தினார்கள். சுமார் 95.7 கோடி டாலர் செலவில் 2014 ஜூன் 14 அன்று பச்சைத் தடம் திறந்தது.

கருவிகள் விஷயத்தில் பல்கலைக்கழகம் பிடித்த பிடி சரி. சுரங்கம் போனதற்கு அது வருந்தியது சரியல்ல. சுரங்கம் வந்திருந்தால் மேலே கார்கள் பழையபடி ஓடிக்கொண்டிருக்கும். ரயில் தரைக்கு வந்ததால் 2011இல் கார்கள் வெளியேற்றப்பட்டன. ஒரு காலத்தில் மாணவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த அந்த வீதியின் நடுப்பகுதியில் இன்று ரயில், பஸ், சைக்கிள், நடை, இவ்வளவுதான். வகுப்பு முடியும் நேரத்தில் ஈஸ்ட் பேங்க் நிலையத்தில் நின்றால் தெரியும், தண்டவாளத்தின் குறுக்கே கூட்டம் தன் போக்கில் நடக்கிறது. ரயில்தான் மணியடித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கிறது. (இந்தியப் பல்கலைக்கழக வாசல்களில் பஸ்ஸும் ஆட்டோவும் எழுப்பும் இரைச்சலுக்குப் பழகியவர்களுக்கு இது வேறு உலகம்.)

2020இல் கொரோனா வந்து பெட்டிகளைக் காலியாக்கியது. மாணவர்கள் திரும்பியதும் வளாக நிலையங்களில் கூட்டமும் திரும்பியது. பல்கலைக்கழகத்தின் அரங்கில் கால்பந்து ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் ஸ்டேடியம் வில்லேஜ் நிலையத்தில் நிற்க இடம் கிடைக்காது.

அங்கிருந்து ரயில் யூனிவர்சிட்டி அவென்யூவில் திரும்பி, வியட்நாமிய உணவகங்களையும் மாங் இனத்தவர் கடைகளையும் கடந்து செயின்ட் பால் போகிறது. அங்கே சீடர் தெருவில் மினசோட்டா பப்ளிக் ரேடியோவின் ஒலிப்பதிவுக் கூடங்கள் இருக்கின்றன. மைக்ரோஃபோனில் ரயில் கேட்டுவிடுமோ என்று அவர்களும் சண்டை பிடித்திருந்தார்கள். அங்கேயும் தண்டவாளம் அதிர்வை உறிஞ்சும் மிதவைப் பலகைகளின் மேல்தான் படுத்திருக்கிறது.