தந்திக்குக் காத்திருந்த ராஜ்யம்

கல்லாறு தாண்டியதும் ஏற்றம். 22 கொண்டை ஊசி வளைவுகள். சாவடியில் வனக்காவலர் வேனுக்குள் எட்டிப் பார்க்கிறார், சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். வேன் மார்த்தாண்டத்திலிருந்து வருகிறது. தமிழ்நாட்டு நம்பர் பலகை. வேறு தாள் எதையும் யாரும் கேட்கவில்லை.

பொன்முடி உச்சி. 1100 மீட்டர் உயரம். மூடுபனி சற்றே விலகுகிறது, கிழக்கே முகடு தெரிகிறது. அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமை. ஒரு பாட்டி கையை நீட்டி அந்தத் திசையைக் காட்டுகிறார். பேத்தி போனில் படம் எடுக்கிறாள். பனி மறுபடி மூடிக்கொள்கிறது.

1947 கோடையில் அந்த முகடு இரண்டு நாடுகளுக்கு இடையே எல்லையாக இருந்தது, காகிதத்தில்.

ஜூன் 11. திருவனந்தபுரம். ஆங்கிலேயர் போனதும் திருவிதாங்கூர் தனி நாடு என்று திவான் அறிவிக்கிறார். சர் சி. பி. ராமசாமி ஐயர். வந்தவாசியில் பிறந்தவர், சென்னையில் பேர்பெற்ற வக்கீல், கிட்டத்தட்டப் பதினோரு வருடமாகத் திவான். ராஜ்யத்துக்குச் சொந்தமாக அஞ்சல் இருக்கிறது. நாணயம் இருக்கிறது. சக்கரக் காசைப் புரட்டினால் வலம்புரிச் சங்கு. இல்லாதது ஒன்றுதான். இதை நாடு என்று வெளியே யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜூன் 15. டெல்லி. காங்கிரஸ் கமிட்டிக் கூட்டத்தில் நேரு பேசுகிறார். சமஸ்தானம் எதையாவது சுதந்திர நாடாக ஒரு வெளிநாடு அங்கீகரித்தால் அது நட்புக்கு விரோதமான செயல் என்கிறார்.

ஜூன் 20. ஜின்னாவின் தந்தி வருகிறது. உறவு வைத்துக்கொள்ளப் பாகிஸ்தான் தயார். பாகிஸ்தான் பிறக்க இன்னும் 55 நாள் இருக்கிறது. அங்கே போக ஒரு பிரதிநிதியைத் திவான் நியமிக்கிறார். அப்துல் கரீம், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை. கறுப்பு மணல். அலை வாங்கிப்போன இடத்தில் வரிவரியாகப் படிந்து கிடக்கிறது. அதில் மோனசைட், மோனசைட்டில் தோரியம். அணுகுண்டு வெடித்து இரண்டு வருடம் ஆகவில்லை. லண்டனில் இந்த மணலைப் பற்றிக் கோப்புகள் நகர்கின்றன.

ஊருக்குள் அரிசி இல்லை. வெளியிலிருந்து வர வேண்டும். மரச்சீனிக் கிழங்கு வேகிறது. ஒரு வேளைக்கு அது, மறுவேளைக்கும் அது.

ஜூலை 13. திருவனந்தபுரம், பேட்டை. மைதானத்தில் கூட்டம். போலீஸ் சுடுகிறது. செத்தவர்களில் ராஜேந்திரன் என்ற மாணவன்.

ஜூலை 16. லண்டன், பிரபுக்கள் சபை. இந்திய சுதந்திர மசோதா. அமைச்சர் லிஸ்டோவல் எழுந்து விளக்குகிறார். சமஸ்தானங்களைத் தனித்தனி நாடுகளாக அங்கீகரிக்கும் உத்தேசம் அரசுக்கு இல்லை. மணல் வேண்டும். நாடு வேண்டாம்.

அடுத்த வாரம் டெல்லி. வைஸ்ராய் மாளிகை. திவான் கோப்புகளோடு வருகிறார். ஒன்றில் காந்தியைப் பற்றிய பத்திரிகைத் துணுக்குகள். மவுண்ட்பேட்டன் கேட்டுக்கொள்கிறார். நடுவில் நின்று பேசி முடிக்கும் வேலை வி. பி. மேனனுக்கு. அவர் கேட்பது மூன்று மட்டும்: பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு. மற்றதெல்லாம் மகாராஜாவிடமே இருக்கலாம். திவான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மகாராஜாவுக்கு ஒரு கடிதத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்.

ஜூலை 25, இரவு. சுவாதித் திருநாள் சங்கீத அகாடமி. கச்சேரி. திவான் எழுந்து புறப்படுகிறார். விளக்கு அணைகிறது. இருட்டில் வெட்டு விழுகிறது. கழுத்தைச் சுற்றியிருந்த அங்கவஸ்திரம் குறுக்கே வருகிறது. கன்னம் கிழிகிறது. விளக்கு எரியும்போது வெட்டிய கே. சி. எஸ். மணி அங்கே இல்லை. அம்பலப்புழைக்காரர், இளைஞர்.

ஜூலை 30. தந்தி, இந்த முறை திருவனந்தபுரத்திலிருந்து. சித்திரைத் திருநாள் மகாராஜா வைஸ்ராய்க்குத் தெரிவிக்கிறார், இந்தியாவோடு இணைகிறோம் என்று. அறிவிப்பிலிருந்து தந்தி வரை 49 நாள்.

ஆகஸ்ட் 19. திவான் ராஜினாமா.

1948 பிப்ரவரி. வாக்குச்சாவடிகள். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. சொத்துக் கணக்கு கேட்கவில்லை, வரி ரசீது கேட்கவில்லை. பெண்களும் போடுகிறார்கள், கிழங்கு பிடுங்கிய கைகளும் போடுகின்றன. பேட்டையில் கூடியவர்கள் கேட்டது இந்தச் சீட்டைத்தான்.

120 இடங்கள். காங்கிரஸுக்கு 97. மார்ச்சில் பட்டம் தாணுப்பிள்ளை பிரதம மந்திரியாகிறார். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸுக்கு 14. அந்த 14 பேரும் சட்டசபைக்குக் கொண்டுவரும் கோரிக்கை வேறு: தமிழ்த் தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு சேர வேண்டும்.