விடியும் வரை கூத்து

பங்குனி தொடங்கி ஆடி முடியும் வரை தொண்டை நாட்டுச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழா நிகழும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. வயல்வேலை முடித்த மக்கள் உணவுண்டு, பாயும் போர்வையுமாக வந்து அமர்வர். முகவீணை ஒலிக்கும்; மத்தளம் முழங்கும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து துரியோதனன் பாடுவான். முதலில் அவன் மணிமுடி மட்டுமே தெரியும். அம்முடியும் புயங்களில் அணியும் அணிகளும் கனமற்ற மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்தவை. இக்கட்டைகளால் இதற்குக் கட்டைக்கூத்து என்றும் பெயர்.

துகிலுரியும் இரவில் கூட்டம் மிகும். துச்சாதனன் பாஞ்சாலியின் ஆடையைத் தொடுமுன் ஆட்டம் நிற்கும். அவ்வேடம் பூண்ட கலைஞர் கற்பூரம் ஏற்றி, தாம் செய்யப்போகும் தீச்செயலைப் பொறுத்தருளுமாறு அம்மனை வேண்டுவார். பாஞ்சாலியாக நிற்பவரும் ஆடவரே என்பதை ஊரார் அறிவர், ஆயினும் கைகூப்புவர். நகர அரங்கில் ஒரு மணி நேரத்திற்குச் சுருக்கி ஆடும்போது இவ்வேண்டுதலுக்கு இடம் எங்கே? கதை குறையாமல் இருக்கலாம், கூத்து குறைந்துவிடுகிறது.

கட்டியங்காரனோ கதைக்குள்ளும் இருப்பான், ஊருக்குள்ளும் இருப்பான். அத்தினாபுரத்து அரசனைப் பாடிக்கொண்டே அவ்வூர் வாய்க்காலில் நீர் வராததையும் நகையாடுவான். பாட்டுகள் மனப்பாடம், உரையாடலோ பெரும்பாலும் அவ்வப்போது பிறப்பது. ஆதலின் ஓரிரவைப் படமெடுத்துப் பேழையில் வைத்தால் அவ்வோரிரவே எஞ்சும். உலக நாடுகள் 2003-ஆம் ஆண்டு யுனெசுகோவில் செய்துகொண்ட உடன்படிக்கையும் இத்தகைய மரபுகளை மக்கள் தலைமுறைதோறும் புதிதாகப் படைத்துவருவன என்றே கூறுகிறது.

ஆனால் ஆடுவார் வேண்டுமே! சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலைப் படித்து வியந்த கற்றோரே, 'கூத்தாடி' என்னும் சொல்லை வசையாக வழங்கியது விந்தை. இரவெல்லாம் கண்விழித்து ஆடியவர் தம் மக்களையேனும் வேறு தொழிலுக்கு அனுப்ப விரும்பினால் அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

காஞ்சிபுரத்தில் 1990-ஆம் ஆண்டு கலைஞர்கள் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தனர். 2002-இல் அச்சங்கம் தொடங்கிய குருகுலத்தில் சிறுவர் பள்ளிக்கல்வியோடு கூத்தும் பயின்றனர். ஆடவரே ஆடிவந்த கலையைப் பெண்மக்களும் அங்குக் கற்றனர். 'இது மரபன்று' என்பார் இருக்கலாம். கற்க வந்த பெண்ணைத் திருப்பியனுப்பி மரபைக் காத்தல் எங்ஙனம்? அக்குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. பயின்றவர் பயின்றவரே.

ஊர்தோறும் வரி தண்டிக் குழுவை அழைக்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. இறுதிநாள் காலையில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் பேருருவைச் சுற்றி வீமன் ஆடுகிறான். இரவெல்லாம் பாடிய தொண்டை கம்மியிருக்கிறது. அவன் கதை ஓங்கித் தொடையில் இறங்குகையில், பாயில் உறங்கிய பிள்ளைகளைத் தாய்மார் தட்டி எழுப்புகின்றனர்.