உடுமலைச் சந்தையும் மத்தியதரைக்கடல் உணவும்

பொள்ளாச்சியிலிருந்து பழனி நோக்கிச் செல்லும் சாலையில் உடுமலைப்பேட்டையை நெருங்கும் பயணிக்குத் தென்னந்தோப்புகளும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளும் இருமருங்கும் தென்படும். மேலைக்கடற்கரையைக் கொங்குநாட்டோடு இணைத்த இக்கணவாய்ப் பெருவழியில் ரோமானியக் காசுகள் பல ஊர்களில் கிடைத்துள்ளமையால், அக்காசுகள் புறப்பட்ட கடலோர மக்களின் உணவுமுறையை இவ்வூர்ச் சந்தையோடு சேர்த்து எண்ணுவது பொருத்தமே ஆகும்.

மத்தியதரைக்கடல் உணவுமுறை என்பது காய்கறி, பழம், பயறு, தவிடு நீக்காத தானியம், கொட்டைகள் ஆகியவற்றை மிகுதியாகவும், மீனை அளவாகவும், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, இனிப்பு ஆகியவற்றை அரிதாகவும் உண்டு, ஆலிவ் எண்ணெயை முதன்மைக் கொழுப்பாகக் கொள்வதாகும். 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், கிரீட் தீவினரிடம் இதயநோய் மிகக் குறைவாக இருப்பதை ஆன்செல் கீஸ் குழுவினர் கண்டனர். ஸ்பெயினில் ஏறத்தாழ 7,400 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியாகி, பங்கேற்பாளரைக் குழுக்களாகப் பிரித்ததில் இருந்த குறைகளைக் கருத்தில் கொண்டு 2018இல் மறுபடியும் வெளியிடப்பட்ட பிரெடிமெட் ஆய்வு, இவ்வுணவைக் கூடுதல் ஆலிவ் எண்ணெயோடோ கொட்டைகளோடோ உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலியன நேர்வது சுமார் 30 விழுக்காடு குறைந்ததெனக் காட்டியது.

உடுமலை உழவர் சந்தையில் குவியும் தக்காளியும் சின்ன வெங்காயமும் கீரையும், கொங்கு வீடுகளின் கொள்ளுப் பருப்பும் தட்டைப்பயறும் கம்மஞ்சோறும் இம்முறையின் பெரும்பகுதியை நிறைவு செய்யவல்லவை. பயறுகளின் நார்ச்சத்து, குருதியில் சர்க்கரை திடீரென ஏறாமல் காக்கிறது. எண்ணெயில்தான் கவனம் தேவை. இங்கே மலிந்துள்ள தேங்காயின் எண்ணெயில் ஏறக்குறைய 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு, அதாவது குருதியில் தீய கொலஸ்டிராலை உயர்த்தும் வகை, இருப்பதால் அதனை ஆலிவ் எண்ணெய்க்கு ஈடாகக் கொள்ள இயலாது. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயுமே ஆலிவ் எண்ணெய்க்கு நெருங்கியவை.

வருந்தத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. சோளம் விளைந்த காடுகள் பலவற்றில் இன்று கோழித்தீவனத்துக்கான மக்காச்சோளம் நிற்கிறது. நூற்பாலைகளின் இரவு முறை முடிந்து வருவோர்க்குக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதோ மைதாப் பரோட்டா. இந்தியர் பெறும் உணவாற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறதென 2025இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று கூறுவதையும் சேர்த்துப் பார்க்கையில், தேவைப்படும் மாற்றம் விலையுயர்ந்த இறக்குமதி எண்ணெய் அன்று என்பது தெளிவாகிறது. ஆலை நிர்வாகங்கள் தம் உணவுக்கூடங்களில் சோற்றின் அளவைக் குறைத்து, அருகிலுள்ள சந்தையின் காய்கறியையும் கொள்ளையும் கம்பையும் நாள்தோறும் பரிமாற முன்வர வேண்டும்.