கண்ணுக்குள் கட்டிய சாரம்

நாற்பத்தைந்து தாண்டியவர் யார் கையிலாவது ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்து, எக்ஸ்பயரி தேதி என்ன என்று கேட்டுப் பாருங்கள். கை தானாக நீளும், தலை தானாகப் பின்னால் போகும். வெள்ளெழுத்து! கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகிவிடுகிறது. கிட்டத்தில் பார்க்க அது கொஞ்சம் உருண்டு கொடுக்க வேண்டும், கொடுக்க மாட்டேன் என்கிறது. பார்வையை மாற்றும் வேலையைச் செய்வது லென்ஸ்தான் என்று தாமஸ் யங் 1801-லேயே காட்டிவிட்டார்.

சரி, அந்த லென்ஸ் எதனால் ஆனது? பளிங்கு மாதிரி இருப்பதால் ஏதோ ஜெல்லி என்று நினைத்துவிடுகிறோம். இல்லைங்க, அத்தனையும் செல்கள். நீளநீளமான நார் செல்கள், வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக. வெளிச்சம் சிதறக்கூடாதே என்பதற்காக இவை தம் உட்கருவையே கழித்துவிடும். மைட்டோகாண்ட்ரியாவும் காலி. மிச்சம் இருப்பது பெரும்பாலும் கிரிஸ்டலின் என்ற புரதம், நெருக்கியடித்துக்கொண்டு. உட்கரு இல்லாததால் பழுதானதை மாற்றவும் வழியில்லை. லென்ஸின் நட்டநடுவில் இருப்பது அம்மா வயிற்றில் இருந்தபோது உண்டான சரக்கு, ஆயுசுக்கும் அதுதான். (கிரீன்லாந்து சுறாவின் வயதை 2016-ல் கணித்ததே இந்த நடுப்பகுதியை வைத்துத்தான்.)

இத்தனையைத் தூக்கி எறிந்த செல்கள் சாரத்தை மட்டும் விடுவதில்லை. கட்டடத்துக்குச் சவுக்குக் கம்பில் சாரம் கட்டுவார்களே, அதுபோல செல்லுக்குள் ஓடும் புரத இழைகள். மற்ற செல்களிலும் இழைகள் உண்டு, ஆனால் லென்ஸில் ஒரு ஸ்பெஷல் வகை இருக்கிறது. ஃபிலென்சின், சிபி49 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து மணி கோத்த மாதிரி ஓர் இழை. அதை லென்ஸில்தான் பார்க்க முடியும்.

இந்தச் சாரத்தைப் பிரித்துவிட்டால்? எலிகளில் சிபி49 மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். கண்ணே போய்விடும் என்றுதானே தோன்றும்? போகவில்லை. லென்ஸ் ஒழுங்காக உருவானது, ஆரம்பத்தில் தெளிவாகவும் இருந்தது. நாளாக நாளாகத்தான் லேசான மூட்டம். 2011-ல் வெளியான ஆய்வில் லென்ஸை அமுக்கி அளந்தார்கள். சிபி49 இல்லாத லென்ஸ் இளக்கமாக இருந்தது. சிக்கல் புரிகிறதா? லென்ஸ் இளகினால் வெள்ளெழுத்துக்கு நல்லது மாதிரி தெரிகிறது. ஆனால் அதை விறைப்பாக வைத்திருக்கும் அதே இழைதான் தெளிவையும் காக்கிறது. ஒன்றைத் தொட்டால் மற்றதும் ஆடும்.

மனிதர்களில் விளைவு எலியைவிட மோசம். சிபி49 மரபணுவில் பிழை இருந்தால் சின்ன வயதிலேயே கண்புரை வருகிறது என்று 2000-ல் கண்டுபிடித்தார்கள். ஃபிலென்சின் மரபணுப் பிழையால் வந்த கண்புரை 2007-ல் பதிவானது, அதுவும் ஓர் இந்தியக் குடும்பத்தில். கண்புரை என்றாலே தாத்தா பாட்டி சமாச்சாரம் என்று யாரும் இருந்துவிட வேண்டாம்.

இதற்கு நடுவில் 2004-ல் ஒரு கூத்து. மரபணு நீக்கிய எலிகளை உருவாக்க ஆய்வகங்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தியது '129' என்ற எலி வகையின் ஸ்டெம் செல்களை. அந்த 129 எலிக்கே பிறவியிலேயே சிபி49 கிடையாது என்று தெரியவந்தது! யாரோ ஒருவர் வேறு ஏதோ மரபணுவை நீக்குகிறார், எலியின் லென்ஸ் மங்குகிறது, பழி நீக்கிய மரபணுமேல் விழுகிறது. நிஜக் குற்றவாளி முன்னாலேயே காணாமல்போன சாரமாக இருக்கலாம். ஓப்பனிங் பேலன்ஸிலேயே தப்பு இருந்தால் வருஷம் முழுக்கச் சரியாக எழுதிய பேரேடு என்ன ஆகும், பி.காம். மக்களுக்குச் சொல்லவா வேண்டும்?

அன்றிலிருந்து லென்ஸ் ஆய்வுக்கு எலி வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது, அதன் சிபி49 பத்திரமாக இருக்கிறதா என்று. இல்லையென்றால் நல்ல சிபி49 உள்ள எலிகளோடு சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, அந்தப் பிழையைக் கழித்த பிறகுதான் கணக்கே ஆரம்பம்.